கல்லும் கனிமமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோடை விடுமுறையில் வட ஒன்டாரியோவின் கோபால்ட் ஊருக்குப் போகிறோம். அங்குள்ள அரசு நிலத்தில் பொழுதுபோக்காக வெள்ளிக் கல் தேடலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: தேடலாம். ஆனால் முதலில் வரைபடம், பிறகுதான் உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டர். ஒன்டாரியோவில் நிலத்தின் மேல் உள்ள உரிமை வேறு, அடியிலுள்ள கனிமத்தின் உரிமை வேறு. 1903இல் ரயில் பாதை போட்டபோது வெள்ளி தென்பட்டதிலிருந்து அந்த ஊரைச் சுற்றிப் பலர் கனிம உரிமை எடுத்துவிட்டார்கள். வேலி இல்லை, வெறும் காடுதானே என்று கல்லைத் தொடாதீர்கள். மாகாண அரசின் எம்.எல்.ஏ.எஸ். (சுரங்க நில நிர்வாக அமைப்பு) இணைய வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். யாருடைய பெயரிலாவது உரிமையோ குத்தகையோ இருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். சுத்தியல், உளி போன்ற கைக்கருவிகள் போதும். பழைய சுரங்கக் குழிகளின் பக்கமே போக வேண்டாம். மேல்மண் மெல்லியதாக நிற்க, அடியில் வெறும் பள்ளமாக இருக்கும்.

கேள்வி: டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது. தோண்டினால் ஆணியும் தகரமும்தான். இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இங்கே வெள்ளி பெரும்பாலும் கால்சைட் என்ற வெண்மையான கனிமத்துக்குள் இழையாகவும் மெல்லிய தகடாகவும் பரவிக் கிடக்கும். அப்படிப்பட்ட துண்டு, கட்டி வெள்ளியைப் போல டிடெக்டரின் திரையில் உயர்ந்த எண் காட்டாது. அலுமினியத் தாளைப் போலத் தாழ்ந்த எண்ணே வரும். குப்பையை ஒதுக்கினால் அதுவும் போய்விடும். எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும்படி வைத்து, 6 அங்குலத் தேடு வட்டை (coil) மாட்டி, மெதுவாக வீசுங்கள். கழிவுக் கற்குவியலில் மேலடுக்கை 10 செ.மீ. வாரிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒலித்த கல்லை நூலில் கட்டிய காந்தத்திடம் காட்டுங்கள். காந்தம் இழுபட்டால் அநேகமாக இரும்புத் தாதுதான். இழுபடாமல், அளவுக்கு மீறிக் கனத்தால் அடுத்தது ஊசி. வெள்ளி வெளியே கறுத்துக் கிடக்கும்; தையல் ஊசியால் கீறினால் மெத்தென்று பள்ளம் விழுந்து பளிச்சென்று மின்னும். தகரம்போல் வெளுத்த, அல்லது செம்பு நிறமான ஆர்சனிக் தாதுக்களும் கனக்கும். ஆனால் அவற்றில் ஊசி வழுக்கும், அழுத்தினால் தூளாகும்.

எவ்வளவு வெள்ளி என்று மதிப்பிட வீட்டுத் தராசே போதும். உதாரணமாக, உலர்ந்த கல் 540 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கத் தொங்கவிட்டால் 430. குறைந்தது 110. 540ஐ 110ஆல் வகுத்தால் 4.9. அதாவது, கல் அதே பருமனுள்ள தண்ணீரைப் போல 4.9 மடங்கு கனம். வெறும் கால்சைட் 2.7, தூய வெள்ளி 10.5. கல்லில் இவ்விரண்டு மட்டுமே இருந்தால் வெள்ளி ஏறத்தாழ 325 கிராம். ஆர்சனிக் தாது கலந்திருந்தால் இந்தக் கணக்குக் கூட்டித்தான் காட்டும்.

கேள்வி: சில கற்களில் ரோஜா நிறப் பூச்சு இருக்கிறதே?

பதில்: அது எரித்ரைட், கோபால்ட் என்ற உலோகமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. அக்கம்பக்கத்தில் வெள்ளி இருக்கலாம் என்பதற்கு நல்ல அடையாளம்; அதேசமயம் விஷம். இந்தக் கற்களைக் காய்ந்தபடி அறுக்காதீர்கள், இடிக்காதீர்கள். வெள்ளியைப் பிரிக்கிறேன் என்று அடுப்பிலும் அமிலத்திலும் போடவே கூடாது; ஆர்சனிக் புகையாகக் கிளம்பும். நனைத்து மென்மையான பிரஷ்ஷால் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.