கைக்குழந்தைகளுக்கும் தளர்நடைக் குழந்தைகளுக்கும் எப்படிப்பட்ட ஆசிரியரை வேலைக்கு எடுக்க வேண்டும்?

உங்கள் தொழிற்சாலை வளாகத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்காகக் காப்பகம் ஒன்றைத் தொடங்கப் போவதாகவும், அதற்கு பி.எட். முடித்தவரை எடுப்பதா, மாண்டிசோரி டிப்ளமா பெற்றவரை எடுப்பதா, அல்லது பிள்ளைகளை வளர்த்துப் பழகிய அனுபவமுள்ள பெண்மணி போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் இதே வயதுக் குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னுடையதே. நீங்கள் சொன்ன மூன்று தகுதிகளில் எதையும் நான் முதல் அளவுகோலாக வைப்பதில்லை. விண்ணப்பித்தவர் ஒரு குழந்தையின் உடலை எப்படித் தொடுகிறார், இந்த வேலையில் இரண்டு ஆண்டுகளாவது நிலைத்திருக்கும் வாய்ப்பு அவருக்கு உண்டா என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்கிறேன்.

இதற்கான காரணம் குழந்தைகள் நம்மிடம் வந்து சேரும் வயதிலேயே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியதோடு, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பக வசதியையும் கட்டாயமாக்கியது. ஆகவே பெரும்பாலான குழந்தைகள் ஆறு, ஏழு மாதங்களில் வந்து சேர்கின்றன. அடுத்த ஓரிரு மாதங்களிலேயே, தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரித்தறிந்து, தாய் கண்ணில் படாதபோது கலங்கி அழும் பருவம் தொடங்கி, ஒன்றரை வயது வரையிலும் நீள்கிறது. அந்தக் காலத்தில் குழந்தை தாய்க்கு அடுத்தபடியாகப் பற்றிக்கொள்ள ஒரே ஒரு முகத்தைத் தேடுகிறது. அந்த முகம் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தால், சுவரில் எத்தனை வண்ணப் படங்கள் ஒட்டினாலும், எவ்வளவு விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் வாங்கினாலும் அந்தக் காப்பகம் நல்ல காப்பகம் ஆகாது.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எட். பள்ளி வகுப்பறைக்கான படிப்பு. பல் முளைக்கும் குழந்தையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய நாளிலிருந்து அவருடைய பெயருக்கு நம் ஊரில் தனி மதிப்பு இருக்கிறது. ஆனால் இங்கே பரவலாகக் கிடைக்கும் மாண்டிசோரி டிப்ளமாக்களில் பெரும்பாலானவை இரண்டரை அல்லது மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானவை. அங்கன்வாடி அனுபவம் மதிப்புள்ளது என்றாலும், அங்கும் மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பப்படுகிறது. மையத்தில் உட்கார்ந்து கற்பவர்கள் சற்றுப் பெரிய குழந்தைகள். ஆகவே எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும், பயிற்சியின்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் நேரில் பணிபுரிந்தீர்களா என்று கேளுங்கள். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-இல் பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கென்றே 'நவ்சேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வரும் விண்ணப்பதாரர் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் வேலைக்குச் சேர்ந்த பிறகு படிக்கச் சொல்லலாம். வாசிக்கும் பழக்கமும், கற்றதை மாற்றிக்கொள்ளும் மனமும் இருந்தால் போதும்.

நேர்காணலில் "உங்களுக்குக் குழந்தைகளைப் பிடிக்குமா?" என்று கேட்பதால் பயன் இல்லை, பிடிக்காது என்று யாரும் சொல்லப் போவதில்லை. நான் சூழ்நிலைகளைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். எட்டு மாதக் குழந்தை ஒன்று புதிதாகச் சேர்ந்து மூன்றாவது நாளாக விடாமல் அழுகிறது. அதே நேரத்தில் இன்னொரு குழந்தைக்குப் பசி, மற்றொன்றுக்கு டயபர் மாற்ற வேண்டும். இதைக் கேட்டவுடன் சிலர் "அந்தக் குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தது, அறையில் என்னுடன் வேறு யார் இருக்கிறார்கள், வீட்டில் அதை எப்படித் தூங்க வைப்பார்கள்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்பவரைக் குறித்து வைத்துக்கொள்வேன். கைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டினால் அழுகை நின்றுவிடும் என்று சொல்பவரும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரை நேரமே வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரையை எடுத்துச் சொன்னபின் அவருடைய முகம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது சூழ்நிலை கடிப்பது. ஒன்றரை வயதுக் குழந்தை மற்றொரு குழந்தையின் கையைக் கடித்துவிட்டது, மாலையில் இரண்டு தாய்மார்களும் வருகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வீர்கள்? பேச்சு வராத வயதில் கடிப்பது வழக்கமானது என்பதை அறிந்தவர், கடிபட்ட குழந்தையை முதலில் கவனித்ததாகச் சொல்வார், கடித்த குழந்தையின் பெயரை மற்ற தாயிடம் வெளியிட மாட்டார், அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தப் பொருளுக்காக நடந்தது என்று யோசிப்பார். "திருப்பிக் கடித்துக் காட்டினால் வலி புரிந்துவிடும்" என்று சொன்னவர்களும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேர்காணல்களை அதற்கு மேல் நான் நீட்டியதில்லை. மூன்றாவதாக, பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர், குழந்தையின் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு, குழந்தையும் அவரைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் அழைத்துப்போக வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மரியாதையாக உட்கார வைத்துப் பெற்றோரைத் தொலைபேசியில் அழைப்பேன் என்பதைத் தவிர வேறெந்தப் பதிலையும் ஏற்காதீர்கள்.

இத்தனையும் பேச்சுதான். உண்மையான தேர்வு, குழந்தைகள் இருக்கும் அறையில் ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழிக்கச் செய்வதில்தான் நடக்கிறது. பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவித்து, விண்ணப்பதாரர் எந்தக் குழந்தையுடனும் தனியாக விடப்படாமல் பார்த்துக்கொண்டு, அந்த அரைநாளுக்கு உரிய ஊதியத்தையும் கொடுத்து இதைச் செய்ய வேண்டும். காப்பகம் இன்னும் திறக்கப்படவில்லை என்றால், உங்கள் ஊழியர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் சிலரைக் குழந்தைகளோடு ஒரு சனிக்கிழமை வரச் சொல்லலாம். அறைக்குள் நுழைந்ததும் அவர் நின்றபடியே இருக்கிறாரா, தரையில் உட்காருகிறாரா என்று பாருங்கள். அறிமுகமில்லாத குழந்தையை உடனே வாரித் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளுபவரைவிட, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, குழந்தையே ஊர்ந்து வந்து அவருடைய வளையலைத் தொடும் வரை பொறுத்திருப்பவர் எனக்கு நம்பிக்கையளிப்பவர்.

டயபர் மாற்றும் நேரத்தில் கட்டாயம் அருகில் இருங்கள். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் லோட்சி தெருவில் 1946-இல் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கிய எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர், அங்கு பணிபுரிந்த செவிலியர்களுக்கு வலியுறுத்தியது இதைத்தான்: குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் உணவூட்டும்போதும் அவசரமில்லாமல், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைக் குழந்தையிடம் சொல்லி, அதன் ஒத்துழைப்புக்குக் காத்திருந்து செய்ய வேண்டும். "காலைத் தூக்கப் போறேன் கண்ணு, கொஞ்சம் தண்ணி ஜில்லுன்னு இருக்கும்" என்று பேசியபடி, ஒரு கையைக் குழந்தையின் மேலிருந்து எடுக்காமல் வேலையை முடிக்கும் பெண்மணி எந்தப் புத்தகத்தையும் படித்திராதவராக இருக்கலாம். ஆனாலும் இந்த வயதுக்கு மொழியும் நம்பிக்கையும் எப்படிக் கற்றுக்கொடுக்கப்படுகின்றனவோ அதைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார். பின்னாலிருந்து வந்து திடீரென்று மூக்கைத் துடைப்பவர், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே குழந்தையின் வாயில் அடுத்த கவளத்தைத் திணிப்பவர், எவ்வளவு அழகாகப் பாட்டுப் பாடினாலும் எனக்கு வேண்டாம். மாற்றி முடித்தபின் சொல்லாமலே கை கழுவுகிறாரா என்பதையும், அறையில் உள்ள ஆயாவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஆயாவை ஒருமையில் விரட்டுபவர் நாம் பார்க்காதபோது குழந்தையையும் விரட்டுவார் என்பது என் கணிப்பு.

நம் ஊர் வழக்கங்கள் தொடர்பாகத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ள பெண்மணிகளை எடுக்கும்போது அவர்களுடைய கைப்பக்குவத்தோடு வீட்டு வைத்தியமும் சேர்ந்தே வருகிறது. தூங்காத குழந்தைக்கு ஜாதிக்காய் சேர்த்த உரை மருந்து, சளிக்குத் தேன், மூக்கிலும் காதிலும் எண்ணெய், ஆகிய மூன்றும் காப்பகத்தில் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் அரிதாக என்றாலும் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வரக்கூடும். தூளியில் தூங்கிப் பழகிய குழந்தையைக் காப்பகத்தில் சமமான, உறுதியான படுக்கையில், மல்லாந்த நிலையில் படுக்க வைக்க வேண்டும். இதற்குப் பழக ஓரிரு வாரங்கள் பிடிக்கும், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுக்கும் பொறுமை ஆசிரியருக்கு இருக்க வேண்டும். தாய் பிழிந்து வைத்துவிட்டுப் போகும் பாலை 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம் என்பார்கள். நம் சித்திரை மாத அறை அந்தக் கணக்கில் வராது என்பதால், வாங்கியவுடன் பெயரும் நேரமும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று புரிந்துகொள்பவர் தேவை. இவற்றைச் சொல்லும்போது "நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்று சிரிப்பவரைக்கூட நான் நிராகரிப்பதில்லை. சிரித்துவிட்டு ஏன் என்று கேட்கிறாரா என்று பார்க்கிறேன்.

தொழிற்சாலைக் காப்பகம் என்பதால் இன்னொன்றும் உண்டு. தாய் ஒரு நாளில் நான்கு முறை வந்து குழந்தையைப் பார்த்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. நர்சரி வகுப்புகளில் பணிபுரிந்து வந்த ஆசிரியர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை; ஒவ்வொரு முறை தாய் கிளம்பும்போதும் குழந்தை மறுபடி அழும், அதைத் தேற்றுவது அவர்களுடைய வேலையாகிவிடும். தாய் வருவதைத் தொந்தரவாகக் கருதுபவரா, பாலூட்ட வசதியான மூலையை ஒதுக்கித் தருபவரா என்பதை நேர்காணலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் பக்கம். நல்ல ஆசிரியரைக் கண்டுபிடித்து, அவரிடம் பன்னிரண்டு கைக்குழந்தைகளை ஒப்படைத்தால், மேலே சொன்ன எதையும் அவரால் செய்ய முடியாது. அமெரிக்காவில் கூட்டரசின் நிதியில் நடக்கும் 'ஏர்லி ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆசிரியர் ஒருவருக்கு நான்கு குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள் உள்ள குழுவில் எட்டுக் குழந்தைகள் என்பதே உச்சவரம்பு. அந்த எண்ணிக்கையை எட்ட முடியாவிட்டாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று பெயர் குறிப்பிட்டு ஒதுக்குங்கள். அந்தக் குழந்தையின் உணவையும் உறக்கத்தையும் பெரும்பாலும் அவரே கவனிக்கட்டும். காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை ஒரே ஆளை நிறுத்தாமல் இரண்டு முறைப்பணிகளாகப் பிரியுங்கள். ஊதியத்தை ஆயாவுக்குக் கொடுப்பதைவிடச் சற்று அதிகம் என்ற கணக்கில் தொடங்காமல், உங்கள் நிறுவனத்தின் இளநிலை அலுவலருக்கு இணையாக வையுங்கள். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகியவற்றையும் நியமன ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்கள் நிலைப்பதில்லை என்று குறைப்படும் காப்பகங்களில் பெரும்பாலானவை நிலைக்கும்படியான ஊதியத்தைக் கொடுப்பதில்லை.

சரிபார்ப்பு வேலைகளில் எதையும் விட்டுவிடாதீர்கள்: காவல்துறைச் சரிபார்ப்பு, காசநோய் உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனை, முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களுக்கு நீங்களே தொலைபேசியில் பேசுவது. "மறுபடி அவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும், பதில் வருவதற்கு முன்பான தயக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். போக்சோ சட்டம் 2012-இன்படி, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் யாராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதை விளக்கி, நிர்வாகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் எழுத்தில் கொடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்தால் முதுகில் ஐந்து தட்டுகளும் மார்பில் ஐந்து அழுத்தங்களும் மாறி மாறிக் கொடுக்கும் முறையைப் பொம்மையை வைத்துப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நீங்கள் கேட்ட மூவரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றால், முதல் நியமனமாக அனுபவமுள்ள பெண்மணியை, அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும் கேள்வி கேட்பவராகவும் இருக்கும் பட்சத்தில், எடுப்பேன். ஒவ்வொரு குழந்தையின் உணவு, உறக்கம், மலம் ஆகியவற்றை அன்றன்றைக்குக் குறிப்பேட்டில் எழுத வேண்டியிருப்பதால் எழுத்தறிவை விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டாவது நியமனமாகப் பயிற்சி பெற்ற இளையவர் ஒருவரை எடுத்து, முதல் மூன்று மாதங்கள் அவருக்குப் பக்கத்திலேயே பணிபுரியச் செய்வேன். பி.எட். முடித்தவர் விண்ணப்பித்தால், ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாரா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால், பள்ளி வேலை கிடைத்த மறுநாளே அவர் போய்விடுவார், அதில் அவர் மீது குற்றமும் இல்லை.