முன் சைட் மங்குகிறது, சிவப்புப் புள்ளிக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. சில வருடங்களாக ரேஞ்சில் சுட்டுப் பழகுகிறேன். வெள்ளெழுத்து வந்தபின், குறிபார்க்கும் முன் சைட் மங்கலாகவே தெரிகிறது. சிவப்புப் புள்ளி காட்டும் ரிஃப்ளெக்ஸ் சைட் பொருத்திய முழு அளவு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: போட்டிகளுக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் முதலில் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் பிஸ்டல் போட்டிகளில், புள்ளியோ கண்ணாடியோ இல்லாத திறந்த சைட்டுக்கு மட்டுமே அனுமதி. நகர்ந்துகொண்டே சுடும் ஐபிஎஸ்சி போட்டிகளில் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் என்று புள்ளி சைட்டுக்குத் தனிப் பிரிவே உண்டு. அந்தத் தடை உங்களுக்கு இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம்.

பழைய முறையில் பின் சைட், முன் சைட், இலக்கு என மூன்று தூரங்களை ஒரே கண் சமாளிக்க வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது பெரும்பாடு. ரிஃப்ளெக்ஸ் சைட்டில் சின்ன எல்இடியின் ஒளி, வளைந்த கண்ணாடியில் பட்டு இணைக்கதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் புள்ளி இலக்கின் மேலேயே மிதப்பதுபோலத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.

உங்களுக்கு சிலிண்டர் பவர் இருந்தால் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்ததுபோல் சிதறித் தெரியலாம். கைபேசியில் அந்தப் புள்ளியைப் படமெடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் சைட்டில் குறையில்லை, கண்ணில்தான். வெளிச்சத்தைக் குறைத்தாலே பலருக்கு ஓரளவு சரியாகிவிடும்.

புள்ளியின் அளவை எம்ஓஏ கணக்கில் சொல்வார்கள், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். 25 மீட்டரில் 1 எம்ஓஏ என்பது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். 6 எம்ஓஏ புள்ளி அங்கே 44 மில்லிமீட்டரை மறைக்கும். துல்லியச் சுடுதலுக்கான அட்டையில் பத்தாம் வளையமே 50 மில்லிமீட்டர்தான். நிதானமாகச் சுடுபவருக்கு 3 எம்ஓஏ போதும்.

புள்ளி வந்தபின் இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட நீளத்துக்கு மதிப்பில்லை. ஆனாலும் முழு அளவையே வாங்குங்கள். உதாரணமாக கிளாக் 17-இன் பேரல் 114 மில்லிமீட்டர். எல்லா விரல்களும் பிடியில் உட்காரும், எடை பின்னுதைப்பை அடக்கும்.

நான் அதிகம் வலியுறுத்துவது சைட் உட்காரும் இடத்தை. ஒவ்வொரு சுடலுக்கும் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னே பாய்ந்து முன்னே மோதுகிறது, சைட்டும் அதோடு போய் வருகிறது. ஒருமுறை என் குண்டுகள் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போயின. இரண்டு வாரம் ட்ரிக்கர் விரலையே குற்றம் சொன்னேன். கடைசியில் பார்த்தால், சைட்டை ஸ்லைடோடு இணைக்கும் அடாப்டர் தட்டின் திருகு தளர்ந்திருந்தது. இப்போது திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். கோடு உடைந்தால் திருகு நகர்ந்துவிட்டது. பேட்டரி பக்கவாட்டிலோ மேலேயோ மாற்றக்கூடியதாக இருக்கட்டும். அடியில் இருந்தால் சைட்டையே கழற்ற வேண்டும், பிறகு ஜீரோவை, அதாவது குண்டு புள்ளி காட்டும் இடத்திலேயே படுகிறதா என்பதை, சரிபார்க்க வேண்டும். மழையிலும் தூசியிலும் சுடுபவர், எல்இடியும் கண்ணாடியும் கூட்டுக்குள் அடங்கிய மூடிய வகையை வாங்குவது நல்லது.

முதல் வாரங்களில் புள்ளி கண்ணில் அகப்படாது. மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் தினமும் பத்து நிமிடம் தூக்கிப் பழகுங்கள். பெரும்பாலும் முனை மேலே தூக்கியிருக்கும், புள்ளி கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். பார்வையை இலக்கிலேயே வைத்து முனையை மெல்லத் தாழ்த்துங்கள், தானே இறங்கி வரும்.