வைக்கோலும் தவிடும் மட்டும் கறவைப் பசுவுக்குப் போதுமா?

மாதவரத்தில் நீங்கள் வளர்க்கும், நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் 400 கிலோ கலப்பினப் பசுவுக்கு அவை போதாது. உடல் எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 12 கிலோ உலர்பொருள் (தண்ணீர் நீக்கிய தீவன எடை) வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே என்பதால் 20 கிலோ புல்லும் 4 கிலோவாகத்தான் கணக்கில் சேரும். மூன்றரை கிலோ வைக்கோல் சுமார் 3 கிலோ தரும். மீதியைத் தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் ஈடுசெய்ய வேண்டும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என ஐந்தரை கிலோ வையுங்கள். 100 கிலோ அடர்தீவனக் கலவையில் மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்பு 2, சமையல் உப்பு 1 கிலோ இருக்கலாம். புல் கிடைக்காத நாளில் ஓட்டலில் மீந்த சோற்றைக் குடம் குடமாக ஊற்றும் நம் பக்கத்து வழக்கம்தான் ஆபத்து. அது வயிற்றில் விரைவாகப் புளித்து, அமிலம் பெருகி, பசு அசைபோடுவதையே நிறுத்திவிடும்.