அவுட்போர்டு இன்ஜின் சூடேறினால் முதலில் தண்ணீர்ப் பாதையைப் பாருங்கள்

உங்கள் ஃபைபர் படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் 9.9 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் வாங்கிய இரண்டே வருடத்தில் சூடேறத் தொடங்கிவிட்டது என்றும், பராமரிப்பில் எங்கே தவறு நேர்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாக் விரிகுடாவில் அதே அளவு இன்ஜினை வைத்துப் பதினோரு வருடமாகத் தொழில் செய்கிறேன்.

இந்த இன்ஜின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கரைக்கு வந்து அணைத்த பிறகு உள்ளே தங்கும் ஈரம் உலர, உப்பு மட்டும் குறுகலான வழிகளில் படிந்து, நாளடைவில் கல்லாக இறுகிவிடும். ஆகவே, அந்த ஈரம் காய்வதற்குள், வாய் வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் துளைகள் முழுவதும் மூழ்கும்படி இன்ஜினை இறக்கி, நியூட்ரலில் மெதுவாகப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று கரையில் கயிற்றை இழுப்பதை அறவே விட்டுவிடுங்கள். பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் வழுவழுப்பைத் தருகிறது, அது இல்லாவிட்டால் சில விநாடிகளிலேயே ரப்பர் கருகிவிடும்.

ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அது மெலிந்தால் உடனே அணைத்து, உறிஞ்சும் துளைகளில் கடல்தாழையோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் தாழைதான். சில நேரம் அந்தப் பீய்ச்சும் துளையே உப்பால் அடைபட்டிருக்கும், தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டுக் குத்தினால் திறந்துகொள்ளும்.

இம்பெல்லரை நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறோம். ஒரு முறை பழையதைக் கழற்றியபோது அதன் ஆறு இதழ்களில் ஒன்றைக் காணவில்லை. புதியதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விட்டேன், அரை மணி நேரத்தில் இன்ஜின் மறுபடியும் சூடேறியது. பிய்ந்துபோன அந்த இதழ், விரல் நகம் அளவே இருந்த ரப்பர்த் துண்டு, பம்புக்கு மேலே செல்லும் குழாயில் சிக்கியிருந்தது. இம்பெல்லரில் குறைகிற ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்தபின் மூடுவதே முறை.

கியர் ஆயிலையும் அசட்டையாக விடாதீர்கள். வடித்துப் பார்க்கும்போது அது பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் படகைத் தள்ளும் விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு, தண்ணீர் புகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்திருக்கும். புதிய ஆயிலைக் கீழ்த்துளை வழியாகச் செலுத்தி, மேல்துளையில் வழிந்தபின் மேலதை முதலில் மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே அடைபடும்.

பெட்ரோலில் டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) உங்கள் இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட விகிதத்தில் அளந்தே கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று நம்புபவர்கள் பலர், ஆனால் அது பிளக்கைக் கரியாக்கத்தான் உதவும்.

உங்கள் நிலையில், பம்பைக் கழற்றிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். இம்பெல்லர் நன்றாக இருந்தால், சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டை எடுத்து வெந்நீரில் போட்டு, அது திறக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால், சிலிண்டர் ஹெட்டைத் திறந்து உப்பைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை; அப்படித் திறந்தால், இடுக்கில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள்.