சாய்ந்த அலங்கார எழுத்துருக்கள்: கேள்வி பதில்

பட்டமளிப்பு அழைப்பிதழில் பெயர்களை முழுக்க கேபிடலில், ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டில் போட்டேன். படிக்கவே முடியவில்லை. ஃபான்டில் கோளாறா?

ஃபான்ட் சரியாகத்தான் இருக்கிறது. இந்த வகையில் கேபிடல் என்பது ஒரு சொல்லைத் தொடங்கி வைக்க வரைந்தது. பக்கத்தில் சின்ன எழுத்து வரும் என்பதால்தான் அதன் சுழி அவ்வளவு தூரம் நீள்கிறது. அடுத்தடுத்து வைத்தால் சுழியும் சுழியும் மோதும். முதலெழுத்து மட்டும் கேபிடலில் இருக்கட்டும்.

முகவரியையும் இதிலேயே போடலாமா?

வேண்டாம். கூர்முனைப் பேனாவை அழுத்திக் கீழே இழுத்தால் முனை விரிந்து தடித்த கோடு விழும். அழுத்தாமல் மேலே ஏற்றினால் மயிரிழை. இந்த எழுத்துருக்களின் அழகே அந்த வித்தியாசம்தான். முகவரிக்கான சின்ன அளவில் மயிரிழை அறுந்துவிடும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம், மை பரவி இழையை மூடிவிடும். பெயருக்கு இது, முகவரிக்கும் நேரத்துக்கும் சாதாரண நேர் எழுத்து.

எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால்?

விடவே கூடாது. ஒன்றின் வால் அடுத்ததைத் தொட்டுச் சேரும்படி அளந்து வைத்தது. தள்ளினால் வால் அந்தரத்தில் நிற்கும்.

கையால் எழுதியதைப் பிரதியெடுத்தது தானே? இதில் என்ன கலை?

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டையே பாருங்கள். சார்லஸ் ஸ்னெல் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுத்துப் பயிற்சி தந்தவர். அவருடைய கையெழுத்தை வைத்து மேத்யூ கார்ட்டர் 1960களில் இதை வடிவமைத்தார். ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் மேல் இருக்கும். சாய்வு கட்டையைத் தாண்டி நீட்டினால் முனை எளிதில் உடையும். எழுத்தின் உருவத்தை ஒளியால் படச்சுருளில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பில் கட்டையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம், ஒட்டலாம். அந்த வசதியை உணர்ந்து, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் இணைப்பு பிசகாதபடி வரைவது பிரதியெடுப்பு ஆகாது.

ஆனாலும் கையெழுத்தில் ஒரே எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. ஃபான்டில் வரும்.

நியாயமான வாதம். எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாஃப் 1998இல் வெளிவந்த தன் ஸாஃபினோ எழுத்துருவில் அதற்குத்தான் வழி செய்தார்: ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் தானாகவே மாறும்படியும் செய்யலாம். ஆனால் எல்லாச் சொல்லிலும் நீண்ட சுழியைப் போட்டால் பக்கம் களேபரமாகிவிடும். வரிக்கு ஒன்று தாராளம்.

காப்பர்பிளேட் காத்திக் என்ற எழுத்துருவும் இந்த வகைதானே?

அது இந்த வகையே இல்லை. ஃபிரெடெரிக் கவுடி வரைந்த நேர் எழுத்து. சின்ன எழுத்தே கிடையாது. அதில் கேபிடல் தாராளமாகப் போடலாம்.

பெயர் முழுக்க கேபிடலில், ஆனால் பெரிய அளவில் போட்டால்?

முதல் பதிலைப் படியுங்கள். அளவு கூடினால் மோதலும் பெரிதாகத் தெரியும்.

திரையில் இருந்த சுழிகள் அச்சில் காணோம்.

அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இருந்திருக்காது. அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். பிழை பார்த்து முடித்த பிறகு மட்டும், ஏனென்றால் அப்புறம் தட்டச்சில் திருத்த முடியாது.