மனநிலை சரியில்லாத தம்பியைக் கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய்த் தங்க வைக்கலாமா?

'வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், ஒரு மண்டலம் தங்க வைத்தால் சரியாகுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கேட்பார்கள். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது.

நான் டாக்டர் இல்லை. சாமியே கும்பிடாதவளும் இல்லை, இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். நாங்கள் போன இடம் கோயிலா தர்காவா, எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் கீழே மதச் சண்டை ஆரம்பித்துவிடும், உங்கள் தம்பியை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

2010. அண்ணனுக்கு 26 வயது, அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். தறிச் சத்தத்துக்குள்ளே யாரோ தன் பெயரைச் சொல்லி வைகிறார்கள் என்றான். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது, அவனுக்கு மட்டும் விழுந்தது. பிறகு குளிப்பதை விட்டான். அம்மா போட்ட சோற்றை நாய்க்கு வைத்து, அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா 'எவளோ செஞ்சு வச்சுட்டா' என்றாள். கோடாங்கி, மந்திரிப்பு, தாயத்து என்று என் கம்மல் வரை போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, பன்னிரண்டரைக்கு உள்ளே போய், மூன்று நிமிடத்தில் வெளியே வந்தோம். கையில் பதினைந்து நாள் மாத்திரை. நான்காவது நாள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வாயில் எச்சில் ஒழுகியது. 'நடந்துக்கிட்டிருந்த பிள்ளையப் படுக்க வச்சிட்டாங்களே' என்று அம்மா மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். இந்த இழுப்புக்குத் தனி மாத்திரை உண்டு, அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம், உடனே திரும்பி வாருங்கள் என்று ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த டாக்டரையும் குறை சொல்ல முடியவில்லை, வெளியே இன்னும் அறுபது பேர் நின்றார்கள்.

அப்புறம்தான் அந்த இடம். ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று மெத்தப் படித்தவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அங்கே எங்களை யாரும் விரட்டவில்லை, அவ்வளவுதான். குடும்பத்தோடு தங்கலாம், அடுப்பு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து அறையில் கேரளாவிலிருந்து ஒரு அம்மா, மகளோடு. பாஷை அரைகுறைதான், ஆனாலும் எங்கள் அம்மாவும் அவரும் ராத்திரி ராத்திரியாகப் பேசினார்கள். தெருவில் முகம் காட்டாமல் கிடந்த எங்கள் அம்மா ஆறு மாதம் கழித்து வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

மூன்றாம் நாள் இரவு அண்ணன் லாரிக்குக் குறுக்கே ஓடினான். காதில் கேட்ட குரல் ஓடச் சொன்னதாம். மறுநாள் அறை வாடகைக்கு விட்டவர் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, 'பூட்டு நீங்களே வாங்கிக்கங்கம்மா' என்றார். கடைக்குப் போய் வாங்கியது நான். சாவியும் என்னிடம்தான் இருந்தது. முப்பத்தோரு நாள். கணுக்காலில் புண் வைத்து ஈ மொய்த்தது. ஒருநாள் ராத்திரி, 'பாப்பா, ஒண்ணுக்குப் போகணும், அவுத்து விடு' என்று கூப்பிட்டிருக்கிறான். நான் அசந்து தூங்கிவிட்டேன். காலையில் அவன் உட்கார்ந்திருந்த கோலத்தை இங்கே எழுத மாட்டேன்.

ஏர்வாடி தர்கா பக்கம் நடந்த தீ விபத்து எனக்குத் தெரியாமலும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகினார்கள், பெரும்பாலோர் சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், பேப்பரில் போட்டோ பார்த்துச் சோறு இறங்கவில்லை. அதே நான்தான் ஒன்பது வருஷம் கழித்துப் பூட்டு வாங்கினேன்.

இப்போது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, 2018 மே முதல் நடைமுறையில். 95-ஆம் பிரிவு எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். வர மாட்டேன் என்பவரையும் வீட்டார் கேட்டு, டாக்டர்கள் பரிசோதித்து ஒத்துக்கொண்டால் 30 நாள் வரை சேர்த்துப் பார்க்க 89-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 'நாங்க எப்படிப் பிடிச்சு வைக்கிறது' என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனைத் தேற்றியது மாதம் ஒரு ஊசி. தாலுகா ஆஸ்பத்திரிக்கு அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வரும் நாள் என்று ஒன்று இருப்பதே ஒரு நர்ஸக்கா சொல்லித்தான் தெரியும். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இப்படி ஊசி இருக்கிறது, காசு கிடையாது. மூணு மாசம் கழித்து, 'இப்ப தூரத்துல தான் கேக்குது' என்றான். முழுசாகக் குணமாகிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். உடம்பு போட்டுவிட்டது, கை லேசாக நடுங்கும். தறி ஓட்ட முடியவில்லை, உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுகிறான். ஊசி தள்ளிப்போனால் எனக்கு முன்னால் அவனே நாள் எண்ணுகிறான்.

இதில் எங்கள் சித்தப்பா கதை வேறு. தாத்தா வீட்டில் அண்ணன் பங்கைக் கேட்டதற்கு, 'கிறுக்கனுக்கு எதுக்குப் பங்கு, அவன் கையெழுத்தே செல்லாது' என்றார், பத்து பேர் முன்னால். அதே சட்டத்தில் 3-ஆம் பிரிவில் இருக்கிறது: நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளக் கூடாது, அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு சித்தப்பா பேச்சை நிறுத்தினார், பங்கு இன்னும் வரவில்லை. எங்கள் அம்மா சாவுக்கும் வரவில்லை அந்த மனுஷன். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், எழுத உட்கார்ந்ததும் ஆத்திரம் வந்துவிட்டது.

கும்பிடப் போகிறீர்கள் என்றால் போய்விட்டு வாருங்கள். ஏர்வாடியில் இப்போது தொழுகையோடு மருந்தும் தர டாக்டர்கள் உட்காருகிறார்கள். வீட்டில் இருந்தே கேட்க அரசின் மனநல உதவி போன் 14416, தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். பஸ் ஏறும்போது தம்பியின் மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் பையில் மேலாக வையுங்கள். நாங்கள் கற்பூரம், தேங்காய், மாற்றுத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டோம், அதை எடுக்கவில்லை.