'சீனியரை அனுப்பும்மா' என்கிறார்கள்!

கேள்வி: லைசென்ஸ் பெற்ற வயர்மேன் நான். காசிமேட்டில் ஒரு வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. "உனக்குத் தெரியாதும்மா, ஆர்சிசிபிதான் கெட்டுப்போச்சு, அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துட்டுப் போ, இல்ல சீனியரை அனுப்பு" என்கிறார் வீட்டுக்காரர். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ராயபுரம்

பதில்: வாயால் வாதாடாதீர்கள், மெக்கரை (வயர் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பேச விடுங்கள். அவரைப் பக்கத்திலேயே நிற்க வையுங்கள். மெயினை ஆஃப் செய்து, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். டிவி, ஃப்ரிட்ஜ், எல்இடி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்; 500 வோல்ட் மெக்கர் அவற்றைக் கெடுத்துவிடும், பழி உங்கள் மேல் விழும்! ஆர்சிசிபியிலிருந்து வீட்டு வயரிங்குக்குப் போகும் பக்கத்தில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிச் சேர்த்து, எர்த்துக்கு எதிராக அளவெடுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ கசிவு. பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பாருங்கள். நியூட்ரலைப் பிரிக்காமல் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. கடற்கரை உப்புக்காற்றில் மொட்டைமாடி மோட்டார், வாசல் விளக்கு, கீசர் மூன்றையும் முதலில் சந்தேகப்படலாம்.

அளவு எல்லாம் சரியாக இருந்தால், கழற்றிய சாதனங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எந்தச் சாதனமும் காரணமில்லை என்று தெரிந்த பிறகும் விழுந்தால்தான் ஆர்சிசிபியைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வகையில் அவர் சொல்வதும் சில சமயம் உண்மையாகலாம், ஒப்புக்கொள்ளத் தயங்காதீர்கள்.

டைரக்ட் மட்டும் கூடவே கூடாது. "30 மில்லிஆம்பியர் கசிந்தாலே உயிர் காக்க விழுறதுதான் சார் இது, எடுக்க மாட்டேன்" என்று ஒரே தடவை சொல்லுங்கள். அளவுகளையும் தேதியையும் பில்லிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.